குறிமுள்ளில் ஒரு பொட்டு

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், துப்பாக்கி சுடப் பழகும் இடத்தில், என் மகளிடம் ஏர் ரைஃபிளை நீட்டினார் பயிற்சியாளர். அதன் எண்ணெய் வாசனை என்னை எங்கள் வீட்டுக் கொல்லைக்கே கொண்டுபோய்விட்டது.

அப்பாவுக்கு ஏர்கன் பைத்தியம். பழைய குழல் ஒன்று வாங்கி, பலாக்கட்டையில் பிடியைத் தானே செதுக்கிப் பொருத்தியிருந்தார். ஆயுத பூஜையன்று அரிவாள்மனையோடு அதற்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைத்தாள். மறுநாள் தென்னையடியில் பவுடர் டப்பாவை வைத்து அப்பா சுட்டார், சுட்டார், ஒன்றுகூடப் படவில்லை.

"காத்து தள்ளுதுடி."

ஒரு கீற்றுகூட அசையவில்லை.

அதுவரை துப்பாக்கியைச் சுட்டே அறியாத அம்மா, அதை வாங்கி, குழல் நுனியிலிருந்த குறிமுள்ளை முந்தானையால் துடைத்தாள். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. ஒரே தடவைதான் சுட்டாள். டப்பா எகிறி விழுந்தது. நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம்.

"பொட்டு வச்சவளுக்குத் தெரியாதா, எங்க வச்சேன்னு?" என்றபடி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மகள் குறி பார்க்கக் குனிந்தாள்.

"இருடி" என்று, துப்பட்டா நுனியால் அந்த முள்ளைத் துடைத்தேன்.

"சாஃப் ஹை, மேடம்" என்று பயிற்சியாளர் சிரித்தார்.

சுத்தமாகத்தான் இருந்தது. என் கைதான் கேட்கவில்லை.