பாத்ரூம் கதவுக்காகப் போண்டா விற்ற கதை

நாலு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, எனக்கு முன்னால் ஆயாவாக இருந்த கன்னியம்மா அக்கா சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்: "மிஸ்ஸுங்க எதுனா புச்சா கத்துக் குடுக்கறேன்னு கிளம்பினா, நீ மொதல்ல தொடப்பம் எங்க கீதுன்னு பாத்துக்க விசாலாட்சி." ஆயா வேலையைப் பற்றி இதைவிடச் சரியாக இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். பெண்ணை வடபழனியில் கட்டிக்கொடுத்துவிட்டேன். பையன் ஏசி மெக்கானிக். பிள்ளை வளர்க்கிற வேலை முடிந்தது, இனி கோயில் குளம் என்று இருக்கலாம் என்று நினைத்தபோது, முருகன் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டான். மந்தைவெளிப் பக்கம் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி அது. என்னைப்போல் பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைக்கிறவர்களும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நாளெல்லாம் அதே நினைப்பாக இருக்கிறவர்களும் இதைப் படித்தால், நான் சொல்வது பொய்யில்லை என்று அவர்களுக்கே தெரியும்.

மைசூர்பாகு நிலை

எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளின் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. என் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து புதுத் தாழ்ப்பாள் அடித்துப் பார்த்தான். நிலைக்கட்டை முழுக்கக் கரையான். ஆணி மைசூர்பாகில் இறங்குகிற மாதிரி இறங்கி, அதே மாதிரி வெளியே வந்துவிட்டது. நிலையோடு சேர்த்துப் புதுக் கதவு வைத்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனான். கயிறு கட்டிப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்தால் பிள்ளைக்குக் கயிறு எட்டாது. ஒருத்திக்கு ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றால் பிடிப்பார்கள். மணி அடித்ததும் பிடித்தவள் ஓடிவிடுவாள்.

அதனால் நானே பிடித்துக்கொண்டு நிற்பேன். சும்மா நிற்பானேன் என்று "முருகா, முருகா" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன். மூன்றாம் வகுப்பு மோனிஷாவுக்கு அந்தச் சத்தம்தான் தாழ்ப்பாள். சத்தம் கேட்டால் ஆயாம்மா வெளியே இருக்கிறாள், கதவு திறக்காது. ஒரு நாள் எனக்கு இருமல் வந்து முருகனைக் கொஞ்சம் நிறுத்தினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "இன்னா ஆயாம்மா, முருகாவக் காணோம்? நீங்க கீறீங்களா, பூட்டீங்களா?"

வேர் பார்த்த விவசாயிகள்

மூன்றாம் வகுப்புக்கு ஜெயந்தி மிஸ். சின்ன வயசு, தங்கமான பெண். புத்தகத்தைப் படித்தால் மட்டும் போதாது, பிள்ளைகள் கையால் செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்பார். செய்ததை விற்று நிதி சேர்க்கலாம், அந்த நிதியில் பாத்ரூமுக்குக் கதவு வைக்கலாம் என்பதும் அவர் யோசனைதான். "நம்ம கதவை நம்ம கையாலயே சம்பாதிக்கப் போறோம்" என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று சாயங்காலம் கபாலி கோயிலில் ஒரு விளக்கும் போட்டேன்.

முதலில் வெந்தயக் கீரை. ஆளுக்கு ஒரு கொட்டாங்கச்சி, அதில் மண், மண்ணில் வெந்தயம். வளர்ந்ததும் பெற்றோர் கூட்டத்தில் விற்பதாக ஏற்பாடு. தினமும் தண்ணீர் ஊற்றினார்கள். வகுப்பெல்லாம் சேறு, துடைத்தது நான். முளைகூட அழகாக வந்தது. அதன் பிறகு ஒன்றுமே வளரவில்லை. மிஸ் பாவம், மண் சரியில்லையோ என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். கடைசியில் ஒரு பையன் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னான்: "டெய்லி புடுங்கி வேர் எவ்ளோ வந்துகிதுன்னு பாத்துட்டு மறுபடி நட்டு வெச்சிட்டோம் மிஸ், நீங்கதான செஞ்சி பாக்கச் சொன்னீங்க?"

இரண்டு பக்கமும் ஒட்டிய பை

அடுத்தது பழைய பேப்பரில் பை. மைதா பசை காய்ச்சினது நான். பெஞ்சு, தலைமுடி, சுவர், சரஸ்வதி படத்துக் கண்ணாடி என்று எல்லா இடத்திலிருந்தும் அந்தப் பசையைச் சுரண்டி எடுத்ததும் நான். ஒரு வாரம் அந்த வேலை. அந்த வாரம் முழுக்கக் கதவைப் பிடிக்க எனக்குக் கை ஒழியவில்லை. கதவுக்காகத்தான் பை செய்கிறோம், பை செய்வதால் கதவைப் பிடிக்க ஆளில்லை என்பது எனக்கு அப்போதே உறைத்தது. மிஸ்ஸிடம் சொன்னேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க ஆயாம்மா, அப்புறம் யாருமே பிடிக்க வேண்டாம்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே.

பைகளை மாடவீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். கட்டாகக் கட்டி நானே சுமந்துகொண்டு போனேன். கடைக்கார மாமா மேலே இருந்த பையை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். பிள்ளைகள் ஆசையில் அடியையும் ஒட்டி, வாயையும் ஒட்டியிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "பை ரொம்ப கெட்டியாத்தான் பண்ணிருக்கா கொழந்தேள். ஒண்ணும் வெளில வராது. என்ன, ஒண்ணும் உள்ளயும் போகாது."

போண்டா

கடைசியில் பொங்கல் சமயத்தில் உணவுத் திருவிழா. பிள்ளைகள் கடை போட்டு வியாபாரம் செய்து கணக்குப் படிப்பார்களாம். ஆனால் கொதிக்கிற எண்ணெய்ப் பக்கம் பிள்ளைகளை விட முடியுமா? அதனால் அம்மாக்கள் வந்தார்கள். மோனிஷாவின் அம்மா செல்விக்குத் தி.நகரில் புடவைக் கடையில் வேலை. நாளெல்லாம் நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்ட வேண்டும். அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று லீவு போட்டு வந்து போண்டா போட்டாள்.

வாங்குவதற்கு வெளி ஆட்கள் வருவார்கள் என்று காத்திருந்தோம். வந்தது எல்லாம் அந்தந்தப் பிள்ளைகளின் வீட்டார்தான். மோனிஷா கடைக்காரியாக நின்று அவள் அம்மாவிடமே போண்டாவை நீட்டினாள். செல்வி முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "உருளக்கெழங்கு வாங்கினதும் நானு, சுட்டதும் நானு, இப்போ துட்டு குட்த்து துன்றதும் நானு. இதுக்கு கதவ நேரா எங்கிட்டயே கேட்டிருக்கலாமே ஆயாம்மா!"

மேளம் வந்த நேரம்

அன்றைக்கு அந்தத் தெருப் பெரிய மனுஷர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்க என்னை நிறுத்திவிட்டார்கள். மோனிஷா தோழியைக் கதவைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பாத்ரூம் போயிருக்கிறாள். மேளச் சத்தம் கேட்டதும் அந்தப் பிள்ளை பார்க்க ஓடிவிட்டது. அதுவும் குழந்தைதானே. எண்ணெய்க் கையைக் கழுவக் குழாய் தேடி வந்த யாரோ ஒரு அப்பா, கதவைத் திறந்துவிட்டார். அவர் உடனே திரும்பிக்கொண்டார். ஆனால் பின்னால் தட்டோடு நாலு பையன்கள் நின்றிருந்தார்கள். சிரித்தார்கள்.

மோனிஷா அழவில்லை. மற்ற பிள்ளைகள் சொல்லித்தான் எனக்கே தெரியும். திங்கட்கிழமை இன்டர்வெலில் எல்லாருக்கும் முன்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு, வழக்கத்தைவிடச் சத்தமாகவே முருகனைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. வகுப்பில் போய்ப் பார்த்தேன். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டில் கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது. "நான் வர்ல ஆயாம்மா. தண்ணி குட்ச்சாதான வரும்? நான் குடிக்கவே இல்ல."

கதவில் பூத்த சூரியகாந்தி

திருவிழாவில் சேர்ந்த நிதியில் முக்கால்வாசி திருவிழா செலவுக்கே போய்விட்டது. பந்தல், நாற்காலி வாடகை, வாசலில் பெரிய பேனர், விருந்தினருக்குப் பொன்னாடை, மேளக்காரருக்குத் தட்சணை. யாரும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாம் முறைப்படி நடந்தது, முறைப்படி தீர்ந்தது.

மிச்சத்துக்கு ஒரு பெயின்டரைக் கூப்பிட்டு, அந்தக் கரையான் கதவின் மேலேயே பெரிய சூரியகாந்திப் பூ வரைந்தார்கள். அழகான பூ. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் கதவு சாயாமல் இருக்க, பின்னால் மறைந்து நின்று பிடித்துக்கொண்டது நான்தான். ஜெயந்தி மிஸ் ஓரமாகப் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பெரிய டீச்சர் என் தோளில் கை வைத்து ஆறுதலாகச் சொன்னார்: "மனசு விடாதீங்க விசாலாட்சி. இந்த வருஷம் பெயின்ட் ஆச்சு, அடுத்த வருஷம் கதவு."

பழக்கம்

மாசியில் மோனிஷாவுக்கு ஜுரம். நீர்க்கடுப்பு, புண்ணாகிவிட்டது, சிறுநீரகத்துக்குக் கெடுதல் வரும் என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார். ஆற்றோரத்து வீட்டைக் கவர்மென்ட் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தபோதுகூடச் செல்வி பிள்ளையை இந்தப் பள்ளியிலிருந்து நிறுத்தவில்லை. மிஸ் நல்ல மிஸ் என்று இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து விட்டவள். அவளே வந்து டி.சி. கேட்டாள்.

ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோயில் விபூதிப் பொட்டலத்தை அவள் கையில் வைத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கடைல போவ விட மாட்டாங்கன்னு நானும் பகல்ல தண்ணி குடிக்கறதில்லமா, எனுக்கு பழகிப் போச்சி. அதுக்கு எட்டு வயசுதான் ஆவுது. அதுக்குள்ள இன்னாத்துக்குமா இந்தப் பழக்கம்?"

புதுப் பள்ளியில் கதவு எப்படி என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருக்கிறது. இங்கே இந்த வருஷம் களிமண் விளக்கு செய்து விற்கப் போகிறார்கள். மண் பிசைய என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் கையால் செய்து பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில், கதவு ஒன்றுதான் இன்றைக்கும் ஆயாவின் கையால் நிற்கிறது.

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடத் திருவிழாவுக்குப் போனால், போண்டா வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பெண் பிள்ளைகளின் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள்.