பெட்டிக்குள் இருந்த இரண்டு வரி

போன வருடம், அறுவடை முடிந்து வரிப்பத்தான்சேனை வயலிலிருந்து சாப்பாட்டு நெல் எங்கள் கல்முனை வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம். வீட்டில் இடம் போதாது. வருடத்துக்கான மூட்டைகளைப் பிள்ளைகள் படுக்கிற அறையில்தான் சுவரோரம் அடுக்குவோம்.

அதே கிழமை இன்னொரு வேலையிலும் மும்முரமாக இருந்தேன். ஐந்தாம் வகுப்பு மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வருடம். அவளுடைய டீச்சரோ பாடத்தைப் பாடமாக்க விடாமல், மழை, விலங்குகள் பற்றிய தகவல் புத்தகங்களைக் கொடுத்து, தலைப்பைப் பார், தடித்த எழுத்தைப் பார், படத்துக்குக் கீழே உள்ளதை வாசி, கோடு போட்டுப் பெட்டி கட்டியிருப்பதைக் கண்டுபிடி என்று நேரத்தைப் போக்கிக்கொண்டிருந்தார். பெற்றோருக்குக் கொதிப்பு. டீச்சரை மாற்றச் சொல்லி அதிபருக்குக் கடிதம் தயாரானது. எழுதியது நான்தான். முதல் கையெழுத்தும் என்னுடையது.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்தால், மூட்டைகளுக்கு மேல் அந்துப்பூச்சி பறக்கிறது. அதற்கென்று கணவர் தெரிந்த ஒருவரிடம் வாங்கிவந்த பூச்சிமருந்துக் குளிசைக் குப்பி இருந்தது. கூடவே ஒரு மடித்த தாள். படித்தவள் அல்லவா, முதல் பந்தியை வாசித்தேன். மூட்டைகளுக்கு நடுவே வைத்து மூட வேண்டுமாம். போதும் என்று தாளைக் கீழே போட்டுவிட்டு மூடியில் கைவைத்தேன்.

மகள் தாளை எடுத்தாள். விரலை வைத்துத் தலைப்பு, படம் என்று தாவினாள். "படம் பாத்துக்கிட்டு நிக்காம ஜன்னலைச் சாத்து" என்று அதட்டினேன்.

"உம்மா, தொறக்காதீங்க! பெட்டிக்குள்ள போட்டிருக்கிறத வாசிக்கல்லயா?"

கறுப்புக் கோட்டுப் பெட்டி. உள்ளே இரண்டே வரி. இதிலிருந்து நச்சு வாயு வெளிவரும். ஆட்கள் வசிக்கும் வீட்டுக்குள் ஒருபோதும் பாவிக்கக் கூடாது.

மூட்டைகளுக்கு இரண்டு முழம் தள்ளித்தான் மகளின் பாய். பக்கத்தில் சின்னவளின் தொட்டில். குப்பியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகும் வரை நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

அடுத்த நாள் பெற்றோர் கூட்டம். கடிதம் மேசையில். எழுந்துபோய் என் பெயரை நானே வெட்டினேன். ஒரு தகப்பன் சிரித்தார்.

"என்ன ராத்தா, எழுதினதே நீங்கதானே! மகள் பாஸாகத் தேவல்லயா?"

"பாஸாகாட்டிப் போகட்டும் தம்பி. அவள் வாசிச்சதாலதான் இண்டைக்கு என்ட ரெண்டு பிள்ளையும் உசிரோட இருக்கு. உங்கட மகனுக்கிட்ட ஒரு மருந்துத் தாளைக் குடுத்துப் பாருங்க, எதை முதல்ல பாக்கான் எண்டு."

நடந்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன், என் முட்டாள்தனம் உட்பட. இன்னும் இரண்டு தாய்மார் தங்கள் பெயரையும் வெட்டப் பேனையை வாங்கினார்கள். கடிதம் அதிபரிடம் போகவில்லை.

பரீட்சையில் மகள் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றாள். "நாங்க அப்பவே சொன்னமே" என்றார்கள் மற்றப் பெற்றோர். சொல்லட்டும். இன்றும் எந்த மருந்துத் தாளிலும் முதலில் பெட்டியைத்தான் தேடுகிறேன். அந்த டீச்சரை மாற்றச் சொல்லி இன்னொரு கடிதம் வந்தால், அதைக் கிழிப்பதும் நான்தான்.