அண்ணன் விழுந்த இடம்

கடலுக்கடியில் ஒருவருடைய உடலில் ஏறிய காற்று, மலையில் ஓடும் பஸ்ஸுக்குள் வைத்து அவரை வீழ்த்தினால், அவர் விழுந்த இடம் எது? கடலா, மலையா? இந்தக் கேள்வியை நான் விரும்பித் தேடிக்கொள்ளவில்லை. என் அண்ணனுக்கு நட்டஈடு கொடுக்காமல் தப்புவதற்காக அவருடைய முதலாளி கண்டுபிடித்த கேள்வி இது. ஒரு வருடத்துக்கும் மேலாக அதைச் சுமந்துகொண்டு திரிந்தவள் நான்.

அண்ணன் தென்கரையில் ஒரு சுழியோடி நிலையத்தில் பயிற்றுநராக இருந்தார். அறை துடைக்கப் போனவர், படகில் சிலிண்டர் ஏற்றி, பிறகு நீந்தப் பழகி, பரீட்சைகள் எழுதி அந்த இடத்துக்கு வந்திருந்தார். டிக்கோயாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயமொன்றில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர் வெள்ளைக்காரர்களுக்குத் தண்ணீருக்குள் மூச்சுவிடச் சொல்லிக்கொடுப்பது முதலாளிக்கு நல்ல வியாபாரமாக இருந்தது. “தேயிலை மலையில் பிடித்த மீன்” என்று விருந்தினரிடம் அவரை அறிமுகப்படுத்துவார். விருந்தினர் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார். வேலைக்காரர் எல்லாரையும் ‘குடும்பம்’ என்றும், அண்ணனை ‘மல்லி’, அதாவது தம்பி, என்றும் அழைப்பது அவர் வழக்கம். அந்தக் குடும்பத்தின் பெயர்ப்பலகையில் ஒரேயொரு பெயர்தான் இருந்தது.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. மூன்று வருடம் ரதி வேடம் கட்டுவதாக அண்ணன் நேர்ந்திருந்தார். அது மூன்றாவது வருடம். ஒரு மாதத்துக்கு முன்பே விடுமுறை கேட்டுப் பெற்றிருந்தார். புறப்பட வேண்டிய நாள் காலையில் முதலாளி ஒரு பெரிய குழுவைப் பிடித்துவிட்டார். “இரண்டே இரண்டு தடவை இறங்கு மல்லி, மதியத்துக்கு முன் பஸ் ஏறலாம்” என்றார். அண்ணன் இறங்கினார், ஏறினார், தலை காயுமுன் பஸ் பிடித்தார்.

சுழியோடுபவர் ஆழத்தில் சுவாசிக்கும் காற்றின் ஒரு பகுதி இரத்தத்தில் கரைந்து நிற்கிறது. அது வெளியேற ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், மூடி திறந்த சோடாப் போத்தலைப்போல உடம்புக்குள் குமிழிகள் கிளம்பும். இந்தச் சோடாப் போத்தல் உதாரணம் அண்ணனுடையதுதான். “இன்றைக்கு விமானம் ஏற வேண்டாம்” என்று விருந்தினருக்கு நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

அன்று மாலை ஹட்டன் பஸ் நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் இறங்கவில்லை. ஏறிப் பார்த்தேன். இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கச்சி, காலு எங்க இருக்குன்னே தெரியல.”

“என்னா சொல்றீங்க?”

“கினிகத்தேன தாண்டுனதுலேர்ந்து தோள்பட்டை உடைஞ்சு போற மாதிரி வலி. இப்ப இடுப்புக்குக் கீழ ஒன்னுமே இல்ல.”

பின்னால் நின்ற ஒரு கனவான், “கூத்து தொடங்கவே இல்ல, அதுக்குள்ள ஊத்திட்டாரு போல” என்றார். என் அண்ணன் வாழ்நாளில் மது தொட்டவரல்லர். மலையக ஆண் ஒருவன் தள்ளாடினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று தீர்மானித்து வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்கம் கொடுப்பதில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார்: “கடைசியா எப்ப தண்ணிக்குள்ள இறங்கினீங்க?” பதிலைக் கேட்டவுடன் ஒட்சிசன் வைத்து, அம்புலன்ஸில் மறுபடியும் கடற்கரைக்கே, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்பிவிட்டார். வலது காலில் உணர்வு திரும்பியது. இடது காலில் முழுமையாகத் திரும்பவில்லை. இனிக் கடலில் இறங்கக் கூடாது என்றார்கள். அந்தக் காலோடு மலைச்சரிவிலும் வேலை செய்ய முடியாது. இரண்டு ஊருக்கும் ஆகாதவராக வீட்டுக்கு வந்தார்.

முதலில் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் போனேன். அவர் தம் படம் போட்ட கலண்டர் ஒன்றை எடுத்து நீட்டினார். “செக்ரோல்ல, தோட்டத்துப் பேர்ப்பதிவுல, பேரு இல்லாத ஆளுக்கு நாங்க எப்புடிம்மா பேசுறது? அவரு கடல்ல வேல செஞ்சவரு. மீன்காரங்க சங்கத்துல கேட்டுப் பாருங்களேன்.” தேர்தல் காலத்தில் அதே அண்ணனின் பெயரை அவர் எந்தப் பேரேட்டில் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். தேநீர் வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

பிறகு முதலாளியே பழக்கூடையோடு வந்தார். லயத்து வாசலில் காலணியைக் கழற்றலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார், கழற்றவில்லை. “அந்தக் கினிகத்தேனை வளைவுகளில் எனக்குக் காது அடைத்துப் போகிறது. ஒவ்வோர் ஏப்ரலிலும் நுவரெலியா வரும்போது இதே தொல்லை” என்று காதைத் தேய்த்துக்கொண்டார். அதன் பின் ஒரு கடிதத்தை எடுத்தார். விடுமுறையில் ஏற்பட்ட நோய் என்று அண்ணன் கையெழுத்திட வேண்டும். அவர் தம் சொந்த அன்பினால் ஓர் உதவித்தொகை தருவார். “உங்கள் தோட்டத்துப் பையன்கள் இன்னும் நான்கு பேர் என்னிடம் உதவிச் சுழியோடிகளாக இருக்கிறார்கள். அவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்” என்றும் சொன்னார். மிரட்டலைக்கூட அன்பாகச் சொல்லத் தெரிந்தவர்.

அவர் போனதும் அண்ணன் கூடையிலிருந்த ஓர் ஆப்பிளை உருட்டிக்கொண்டே, “கொடுக்கிறத வாங்கிக்கலாம் தங்கச்சி. அவனுங்க நாலு பேரு வேலையும் போயிரும்” என்றார்.

அன்று இரவு முழுவதும் நான் யோசித்தேன் என்று எழுத முடியாது. ஒரு வாரம் யோசித்தேன். வாங்கிக்கொண்டால் அண்ணனுக்கு ஒரு வருடச் சாப்பாடு. மறுத்தால் நான்கு குடும்பங்களின் வருமானம் ஆபத்தில். ஒரு கட்டத்தில் கடிதத்தை எடுத்து அண்ணன் கையில் கொடுக்கவும் தயாராகிவிட்டேன். அந்த நால்வரில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “அக்கா, தைப்பொங்கலுக்கு வரும்போது எனக்கும் தோளு வலிச்சிச்சு. பஸ்ல தூங்குனதாலன்னு நினைச்சேன்” என்று சொன்னதும் கடிதத்தைத் திரும்ப மடித்தேன். நான் காப்பாற்றுவதாக நினைத்த வேலை அது.

நாங்கள் மனுக் கொடுத்து நடந்த நட்டஈட்டு விசாரணையில் முதலாளியின் சட்டத்தரணி நன்றாகவே உழைத்திருந்தார். நிலையத்துப் பதிவேட்டின்படி அண்ணன் முதல் நாள் மாலையே விடுமுறையில் போய்விட்டார்; மறுநாள் காலையில் கடலில் இறங்கியவர்களில் அவர் பெயர் இல்லை. தவிர, “இவர் மலைக்குப் போனது பெண் வேடம் போட்டு ஆடுவதற்கு” என்று சிங்களத்தில் சொல்லி, சிரிப்புக்காக நிறுத்தினார். விசாரணை அலுவலர் சிரிக்கவில்லை. அந்த நிறுத்தம் வீணாயிற்று.

“பயிற்றுநர்தானே? விதி தெரியாதா?” என்று அலுவலர் அண்ணனைக் கேட்டார். அண்ணன் தமிழில் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன்.

“தெரியும் ஐயா. உயரத்துக்குப் போகக் கூடாதுன்னுதான் விதி. நான் பொறந்த எடம் ஒரு உயரம்னு எனக்குத் தோணல. எங்களுக்கு அதுதான் தரை. கொழும்பு, காலி எல்லாம் கீழ. நான் வீட்டுக்குத்தானே போனேன்.”

அந்தப் பதில் வழக்கைத் தோற்கடித்துவிடும் என்று பயந்தேன். ஆனால் என்னிடம் ஒரு படம் இருந்தது. சுழியோடும் விருந்தினர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் திகதி, நேரம், ஆழம் எழுதிப் பயிற்றுநர் கையெழுத்திடுவார். அன்று காலை இறங்கிய ஒரு பெண் தன் பக்கத்தைப் படம் பிடித்து நன்றி சொல்லி அண்ணனின் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தார். கையெழுத்து தமிழில் இருந்தது. ஆங்கிலத்தில் போடும்படி முதலாளி பல முறை சொல்லியும் அண்ணன் கேட்காத ஒரே கட்டளை அது.

“வேறு யாராவது போட்டிருக்கலாம்” என்றார் முதலாளி.

“அன்று காலை கடமையில் இருந்த பயிற்றுநர்களில் தமிழ் எழுதத் தெரிந்தவர் யார்?” என்று அலுவலர் பதிவேட்டைப் புரட்டினார். அதில் அப்படி ஒருவர் பெயரும் இல்லை. விடுமுறைப் படிவத்தில் அவர் கையாலேயே ‘ஹட்டன், திருவிழா’ என்று எழுதியிருந்ததையும் அலுவலர் எடுத்துக் காட்டி, ஹட்டன் உயரம் என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். கடலோரத்தில் வளர்ந்த தனக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்றார் அவர். எங்கள் வாசலில் காதைத் தேய்த்த அதே கை மேசைமேல் இருந்தது. நான் எழுந்து ஏப்ரல் மாதத்துக் காது அடைப்பைச் சொன்னேன். முதலாளி முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

வேலையில் ஏற்பட்ட காயம் என்று தீர்ப்பானது. வெளியே வந்த முதலாளி அண்ணனின் தோளைத் தட்டி, “நான் எப்போதும் உன் பக்கம்தான் மல்லி” என்றார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்குக்கூட அவரை நாங்கள் மதிக்கவில்லை.

நட்டஈடு தவணைகளில் வருகிறது. அண்ணன் டிக்கோயாவில் ஒரு சிறு கடை வைத்திருக்கிறார். கூத்தில் இப்போது ரதி வேடம் கட்டுவது வேறொருவர். அந்த நால்வரில் இருவர் வேலையை விட்டுவிட்டார்கள். மற்ற இருவரும் ஊருக்கு வருவதற்கு முதல் நாள் தண்ணீரில் இறங்குவதில்லை.