நாலாம் நம்பர் பூட்ஸ்

மதிவதனி வெல்டர் ஆனதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஐ.டி.ஐ.யில் சேரப் போன அன்று தையல் பிரிவில் இடம் முடிந்திருந்தது. கம்ப்யூட்டரிலும் முடிந்திருந்தது. வெல்டர் பிரிவில் மட்டும் இடம் இருந்தது. வெம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி மகளைக் கூட்டி வந்திருந்த அவள் அப்பா, கூலி வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டது வீணாகக் கூடாது என்று நினைத்தார். "வந்தது வந்துட்டோம், இதுல சேந்துடு" என்றார். அவளும் சேர்ந்தாள்.

வேலை அவளுக்கு நன்றாக வந்தது. கை நடுங்காது. செருப்புதான் பிரச்சினை. பயிற்சிக்கூடத்தில் எல்லோருக்கும் பாதுகாப்பு ஷூ கொடுத்தார்கள். ஆறாம் நம்பருக்குக் கீழே வரவில்லை. அவள் கால் நாலு. "நீ கொஞ்சம் தள்ளி நின்னு பண்ணும்மா" என்றார் பயிற்றுநர். தள்ளி நின்று வெல்டிங் செய்ய முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவன் தென்னரசு ஆரணியில் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இரும்பு அறுக்க வரும், அளக்க வரும், தூக்க வரும், ஒட்ட வராது. அவன் வைத்த ஒட்டு எல்லாம் எறும்புப் புற்று மாதிரி இருக்கும். ஆகவே செய்யாறு போகும் சாலையில் இருவரும் ஒரு பட்டறை போட்டபோது அவன் அறுத்தான், அவள் ஒட்டினாள். கேட், ஜன்னல் கிரில், தறிக்கூடத்துக்குக் கூரைச் சட்டம் எல்லாம் செய்தார்கள். வருகிறவர்கள் தென்னரசுவைப் பார்த்து, "வெல்டர் எப்ப வருவாரு?" என்று கேட்பார்கள். அவன் மனைவியைக் காட்டுவான். சிலர் சிரித்துவிட்டு, மறுபடியும் அதையே கேட்பார்கள்.

காலுக்கு அவள் பல வழிகளைப் பார்த்தாள். முதலில் ரப்பர் செருப்பு. பொறி விரலிடுக்கில் விழுந்தால் உதறிவிட்டு வேலையைத் தொடரலாம் என்பது அதன் வசதி. அது ஒன்றுதான் வசதி. அடுத்து, பள்ளிக்கூடப் பையன்கள் போடும் கறுப்பு ஷூ. அளவு கச்சிதமாக இருந்தது. தோல் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். முதல் வாரத்திலேயே ஒரு பொறி அதன் தலையில் விழுந்து, உருகி, உள்ளே இருந்த சாக்ஸோடு ஒட்டிக்கொண்டது. தோல் உருகாது என்பதை அன்று கணவன் மனைவி இருவரும் தெரிந்துகொண்டார்கள்.

கடைசியில் ஹார்டுவேர் கடை சின்னதுரையிடம் போனாள். அவர் ஆறாம் நம்பர் பாதுகாப்பு ஷூவை எடுத்து வைத்தார்.

"நாலு இல்லீங்களா அண்ணா?"

"நாலு யாருக்கு?"

"எனக்குத்தான்."

"லேடீஸுக்கு இதுல வராதும்மா. ஒண்ணு பண்ணு. ரெண்டு சாக்ஸ் போட்டுக்க."

"ரெண்டு போட்டாலும் லொடலொடன்னுதான் கீது."

"அப்ப மூணு போட்டுக்க."

மூன்று சாக்ஸும் முன்னால் கொஞ்சம் பனியன் துணியும் அடைத்து அதைப் போட்டுக்கொண்டாள். முனையில் இரும்புத் தொப்பி இருந்தது, அடி கனமாக இருந்தது, நல்ல ஷூதான். ஆனால் கணுக்காலைச் சுற்றி வாய் பிளந்துகொண்டிருந்தது. மாலையில் ஷூவைக் கழற்றினால் கால் வேகவைத்த கிழங்கு மாதிரி இருக்கும். கயிறு வேறு பொறி பட்டு அடிக்கடி அறுந்தது. அவள் கட்டுக்கம்பியால் கட்டிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் குமரேசன் வீட்டு வேலை வந்தது. குமரேசன் பட்டுப் புடவை நெய்து கடைகளுக்குக் கொடுப்பவர். வீட்டுக்குப் பின்னால் தறிக்கூடம். அங்கே ஒரு தறிக்கு மேலே, புடவையில் பூ வேலை விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியைத் தாங்கும் மரச்சட்டம் விரிசல் விட்டிருந்தது. இரும்பில் சட்டம் வேண்டும், அதையும் தறியை நகர்த்தாமல், அங்கேயே வைத்து ஒட்ட வேண்டும். தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலை அறுக்க முடியாது, நாளைத் தள்ளவும் முடியாது.

"ஒரு பொறி பட்டா போச்சும்மா" என்றார் குமரேசன். "பட்டு பொசுங்குச்சுன்னா மொத்தப் பாவும் போன மாதிரிதான்."

தறிமேல் தகரம் போட்டார்கள். தகரத்தின் மேல் ஈரச் சாக்கு. மதிவதனி ஏணியில் ஏறி நின்றாள். சட்டத்துக்கான ஆங்கிள் இரும்பின் ஒரு முனையை எதிர் ஏணியில் தென்னரசு பிடித்துக்கொண்டான், இன்னொரு முனையை அவள் இடது கையால் தாங்கி, வலது கையால் ஒட்டு வைத்தாள். குமரேசன் கீழே நின்று தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி ஒட்டில் ஒரு தணல் உருண்டை உதிர்ந்தது. அது தகரத்துக்குப் போகவில்லை. அவள் ஷூவின் பிளந்த வாய்க்குள் போயிற்று.

கையை விட்டால் ஆங்கிள் சரியும். சரிந்தால் தகரத்தோடு தறிமேல் விழும். அவள் கையை விடவில்லை. உதட்டைக் கடித்தபடி ஒட்டை முடித்தாள். சாக்ஸ் கருகும் வாடை முதலில் தென்னரசுவுக்குத்தான் வந்தது.

"மதி, இன்னா பொகையுது?"

"நான்தான். புடிச்சுக்கோ, இன்னும் ஒரு ஒட்டு கீது."

அதையும் வைத்துவிட்டுத்தான் வெல்டிங் ராடு மாட்டும் பிடியைத் தொங்கவிட்டாள். இறங்கி உட்கார்ந்தாள். கட்டுக்கம்பியை அவிழ்க்க வரவில்லை. தென்னரசு கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தான். கணுக்காலுக்குக் கீழே ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வெந்திருந்தது.

குமரேசன் ஓடி வந்தார். "பாவு மேல எதுவும் படலையே?"

"இல்லீங்க. என் மேலதான்."

"அப்பாடா" என்றார் குமரேசன்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் அவர் மனைவி ஜெயப்ரியா கேட்டுவிட்டாள். கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மதிவதனியைக் குழாயடிக்குக் கூட்டிப் போய், வெகுநேரம் காலில் தண்ணீர் விட்டாள். தண்ணீர் ஓடும்போது மதிவதனி அழுதாள். வலியைவிட, அந்த ஷூவை நினைத்து ஆத்திரமாக வந்தது. ஊரில் இத்தனை கால் இருக்கிறது, அவள் காலுக்கு மட்டும் ஒரு கடையிலும் பதில் இல்லை.

"இவ்ளோ பெரிய ஷூவ ஏன் போடுற?" என்று கேட்டாள் ஜெயப்ரியா.

"நாலுல வரலைங்கக்கா."

"நாலா? என் தம்பி ஆம்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில கீறான். வெளிநாட்டுப் பொம்பளைங்களுக்குப் பூட்ஸ் தைக்கிறாங்க. கேட்டுப் பாக்கறேன்."

புண் ஆறிய சமயத்தில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே இருந்தது காப்பி நிறத் தோல் பூட்ஸ். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை உயரம். கயிறு இல்லை, ஜிப் இல்லை, அப்படியே காலை நுழைக்க வேண்டும். இடது கால் நிறம் சற்று வெளுத்துவிட்டதால் வாங்க வேண்டியவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். குதிரை ஓட்டுகிற பெண்கள் போடுவது என்று ஜெயப்ரியா சொன்னாள்.

"நம்மகிட்ட குதிரை இல்லியே" என்றான் தென்னரசு.

மதிவதனி காலை நுழைத்தாள். நின்றாள். பட்டறையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். குதிகால் ஆடவில்லை. விரல்கள் அசைய இடம் இருந்தது. நீளக் கால்சட்டையைப் பூட்ஸின் மேல் இழுத்துவிட்டால் பொறி நுழைய வாயே இல்லை. கழற்றி வைத்து, ஒட்டு வைக்கும்போது உதிர்ந்த சூடான கசடு ஒன்றை இடுக்கியால் எடுத்து அதன்மேல் போட்டாள். தோலில் ஒரு புள்ளி கறுத்தது, அவ்வளவுதான். அடிப்பாகத்தைச் சூடான தகட்டில் வைத்துப் பார்த்தாள். அது உடனே புகைந்தது.

பழைய பஸ் நிலையம் அருகே செருப்புத் தைக்கும் அருள்தாஸிடம் பூட்ஸையும், பழைய ஆறாம் நம்பர் ஷூவையும் கொண்டுபோனாள்.

"ஷூவோட அடிய எடுத்து, அளவா அறுத்து பூட்ஸ்ல வைக்கணும். இரும்புத் தொப்பியையும் எடுத்து அதுக்கு மேல வச்சுத் தைக்கணும்."

அருள்தாஸ் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டையும் அறுத்தா ரெண்டும் வீணாப் போனாலும் போயிடும்மா. அப்பால என்னைக் கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேன்."

"தொப்பி பெருசு. தூக்கிகினு நிக்கும். பாக்க நல்லா இருக்காது."

"பாக்க வேணாங்க. போட்டா போதும்."

அவர் முதலில் ஒரு காலைச் செய்தார். அது நன்றாக வந்தது. இன்னொன்றை அறுக்கும்போது தோல் ஓரத்தில் கிழிந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கிழிந்த இடத்தில் ஒட்டுத்தோல் போட்டார். முடிந்தபோது அது குதிரைக்காரியின் பூட்ஸ் மாதிரியும் இல்லை, பட்டறை ஷூ மாதிரியும் இல்லை. முனை வாத்து மூக்கு போல இருந்தது.

சாலையில் போகிறவர்கள் குதிரை எங்கே என்று கேட்டார்கள். டீக்கடையில் கேட்டார்கள். சின்னதுரை கேட்டார். "மேயப் போயிருக்கு" என்று அவள் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள். மாலையில் கால் வலிக்கவில்லை. அது அவளுக்கே நம்ப முடியாததாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் உட்காராமல், நின்றுகொண்டே சமைத்தாள்.

ஒரு நாள் ஸ்டாண்டிலிருந்து இரும்புச் சட்டம் ஒன்று சரிந்து நேராக அவள் வலது கால் முனையில் விழுந்தது. தென்னரசு அலறிவிட்டான். அவள் குனிந்து பார்த்தாள். இரும்புத் தொப்பி லேசாக நசுங்கியிருந்தது. விரல்களை எண்ணுவது போல ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள்.

"இன்னாச்சு?"

"ஒண்ணும் ஆவல. நீ எதுக்குக் கத்தற?"

அன்று அவன் மதியச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டான். அவள் சாப்பிட்டு முடித்தாள்.

அடுத்த மாதம் போளூரில் ஒரு புதுவீட்டுக்கு கேட். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சந்திரமோகன். கிரகப்பிரவேசக் காலையில் கேட்டை மாட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். விடிந்ததும் போய் மாட்டினார்கள். கீல் ஒன்று கொஞ்சம் இழுத்தது. அவள் அதை அங்கேயே வெட்டி ஒட்டிச் சரிசெய்தாள். பந்தலில் சொந்தக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். கேட் ஒரு விரலால் தள்ள நகர்ந்தது.

"கேட்டு போட்ட அம்மா மொதல்ல உள்ள வந்து தாம்பூலம் வாங்கிக்கணும்" என்றார் சந்திரமோகன். "வாங்கம்மா, வாங்க. அய்யர் காத்துகினு கீறாரு."

மதிவதனி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்ற வேண்டும். குனிந்து இழுத்தாள், வரவில்லை. காலையிலிருந்து வெயில், சாக்ஸ் நனைந்து தோலோடு பிடித்துக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று இழுத்தாள். அய்யர் தட்டோடு நின்றார். நாதஸ்வரக்காரர் பாட்டை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அதையே மறுபடியும் ஆரம்பித்தார்.

"அப்படியே வந்துடட்டுமே" என்றார் யாரோ. "அதெப்படி?" என்றார் இன்னொருவர்.

தென்னரசு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவளைப் படியில் உட்காரச் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் மண்டியிட்டு, பூட்ஸின் குதிகாலை இரண்டு கையாலும் பிடித்தான்.

"ஏங்க, வேணாங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ அந்தத் தூணைப் புடி."

அவள் தூணைப் பிடித்தாள். அவன் இழுத்தான். முதல் பூட்ஸ் ஒரு சத்தத்தோடு வந்தது. அவன் பின்னால் உட்கார்ந்துவிட்டான். பந்தலில் கொஞ்சம் சிரிப்பு. இரண்டாவது அதைவிட நேரம் எடுத்தது. அய்யர் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, மதிவதனியின் நாற்காலி ஆடாமல் பிடிக்க வந்தவர், அது நாற்காலி இல்லை, படி என்று பார்த்துத் திரும்பிப் போனார்.

ஒருவழியாக மதிவதனி வெறுங்காலோடு எழுந்து நின்றாள். சந்திரமோகனின் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காலைக் கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பு என்று நினைத்துச் சட்டை முனையை இழுத்துவிட்டுக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

தென்னரசு வாசலில் நின்று இரண்டு பூட்ஸையும் தலைகீழாகக் கவிழ்த்து வெயிலில் வைத்தான்.