மாமரத்தில் கட்டிய ஆர்க்கிட்

எங்கள் கொல்லை மாமரத்தைப் பார்த்து, "என்ன டீச்சர், புல்லுருவி புடிச்சிருச்சு போல?" என்று கேட்ட யாரையும் நான் சும்மா விட்டதில்லை. அது ஆர்க்கிட். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மழையும் காற்றும் பட்டை இடுக்கில் சேரும் தூசியும்தான் அதற்குச் சோறு. தபால்காரரிலிருந்து பங்குச் சாமியார் வரைக்கும் எல்லோருக்கும் இதை வகுப்பெடுத்திருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் வாய்க்கு ஓய்வில்லை என்பார் என் கணவர்.

அது எனக்குக் கிடைத்தது காளையார்கோவில் போகும் சாலையில். காற்றில் சாய்ந்த புளியமரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிளையில், இரண்டு பக்கமும் வார் வாராக இலைகளோடு வாடித் தொங்கியது. எடுத்து வந்து தொட்டியில் மண் போட்டு நட்டேன். வேர் அழுக ஆரம்பித்தது. அப்புறம்தான் தேடிப் படித்தேன்: இதற்கு மண் ஆகாது, வேருக்குக் காற்று வேண்டும். தேங்காய் நாரை அணைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் மாமரத்தில் கட்டினேன். காலையில் மட்டும் தண்ணீர் தெளிப்பேன். நனைந்ததும் வெள்ளை வேர் பச்சையாகும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காபி இறங்கும்.

ஐந்து வருஷம் பூக்கவில்லை. மூட்டுவலிக்கு நல்லது என்று இதன் வேரைக் கேட்டு வந்த நாத்தனாரைக்கூட வெறுங்கையோடு அனுப்பினேன். அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. போன சித்திரையில் ஒரு காம்பு நீண்டது. ஏழு மொட்டு. கண்டாங்கிச் சேலை மாதிரி கட்டம் போட்ட பூ, நீல உதடு, நல்ல வாசம் என்று படித்திருந்தேன். நேரில் பார்த்ததில்லை.

அந்த வாரம் நாட்டரசன்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். கரண்ட் கம்பியில் உரசும் கிளையை வெட்ட என் கணவர் ஆள் கூப்பிட்டிருந்தார். கூப்பிட்டவர் உள்ளே டிவி முன்னால் இருந்தார். கொல்லையில், வெட்டிய கிளைகளோடு குப்பையாக என் ஆர்க்கிட் கிடந்தது. வேரெல்லாம் அரிவாளால் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. மொட்டுக் காம்பு மிதிபட்டு நசுங்கியிருந்தது.

பட்டுச் சேலையோடு நின்று கத்தினேன். கண் இல்லையா, கை கூசவில்லையா, ஒரு வார்த்தை கேட்க வாயில்லையா என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. என் கணவர் கதவைத் தாண்டி வரவே இல்லை.

மரம் வெட்ட வந்தவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் மூச்சு வாங்கும்வரை பொறுமையாக நின்றார்.

"டீச்சருக்கு என்னை அடையாளம் தெரியலையா? உங்ககிட்ட எட்டாப்பு படிச்சேன். மரத்துமேல வேற எது மொளைச்சாலும் அது ஒட்டுண்ணி, கண்ட எடத்துல வெட்டிப்புடணும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீக?"

உண்மைதான், சொல்லியிருக்கிறேன். புத்தகத்தில் புல்லுருவி மட்டும்தான் இருந்தது. மீதி நானாகச் சேர்த்த சொந்தச் சரக்கு. எல்லாமே அப்படியா என்று கேட்ட ஒரு பிள்ளையை, உட்கார் என்று அதட்டியதும் நினைவிருக்கிறது. வருஷா வருஷம் அதையேதான் சொன்னேன். அப்போது நான் ஆர்க்கிட்டைக் கண்ணால் கண்டதில்லை.

கோபம் அடங்கவில்லை. ஆனால் அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

குப்பையிலிருந்து செடியை எடுத்துக் காட்டினேன். "இதே மாதிரி இலை வேற எங்கயாவது பாத்திருக்கியாப்பா?"

"நெறைய டீச்சர். அமராவதிபுதூர் தோப்புல இருந்து இங்குட்டு வரைக்கும் ஒரு மரத்துலயும் விட்டு வச்சதில்ல." பெருமையாகத்தான் சொன்னார். "பூத்துக் கெடந்ததையும் வெட்டியிருக்கேன். நல்ல வாசம்."