இராவணன் மீசையில் உலர்த்திய புடவை

அன்றைக்குப் பம்பாய் மாஹிம் கடலோர மணல்மேட்டில் இருந்தது அம்மாவும் நானும் இரண்டு வயதுத் தங்கை செல்வியும்தான். அப்பா தாராவித் தோல் கிடங்கில் வேலையில் இருந்தார், எங்கள் சந்தில் கடலை அறிந்த ஒரே ஆளான உவரி அத்தை காய்ச்சலில் படுத்திருந்தாள். ஈரப் பருத்தியும் உப்பும் கலந்த வாடை எங்கே வந்தாலும் இப்போதும் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

பாறைகளுக்கு நடுவே இருந்த அந்த மேட்டில், ஊசி ஊசியாக இலை நீட்டிய ஒரு புல் தரையோடு படர்ந்து பின்னிக் கிடந்தது. அத்தை அதை "இராவணன் மீசை" என்பாள். அம்மாவுக்கு அது "முள்ளுப்பாய்". மாட்டுங்கா வீடுகளில் வாங்கி வந்த துணிகளைக் குழாயடியில் துவைத்துவிட்டு, சந்துக்குள் உலர்த்த இடமில்லாததால், இங்கே கொண்டுவந்து விரிப்பாள். எவ்வளவு காற்றடித்தாலும் முள் துணியை விடாது. பொறுமையாக ஒவ்வொரு ஊசியாகக் கழற்றினால் ஓர் இழைகூடப் பிரியாது.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து நாங்கள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆற்றங்கரையில் வளர்ந்த அம்மா, மழை பெய்தால்தான் தண்ணீர் கரையேறும் என்று நம்பியிருந்தாள். தினமும் ஏறி இறங்கிய கடல் மேட்டுப் பக்கம் வந்ததே இல்லை. அன்று அமாவாசை, கடல் வேறு மாதிரி ஏறும் என்று சொல்ல அத்தை உடன் இல்லை.

மற்ற துணிகளை மூட்டை கட்டிவிட்டு, மாட்டுங்கா மாமியின் சுங்குடிப் புடவையை அம்மா கழற்றிக்கொண்டிருந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். மேட்டுக்கும் சாலைக்கும் இடையிலிருந்த பள்ளத்தில், நாங்கள் நடந்து வந்த தடத்தைக் காணோம். பழுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் நிறைந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டு வரச்சொல்லி அழுதேன்.

"இன்னும் நாலு முள்ளுதாம்ல. இத விட்டுட்டுப் போனா, நாளைக்கு எந்த வீட்டுல நம்மள நம்பித் துணி குடுப்பா?"

அவள் அவசரப்பட அவசரப்பட, ஒரு முள் விட்டால் இன்னொன்று பிடித்தது. தண்ணீர் என் முழங்காலைத் தொட்டது. அடுத்து வந்த அலை என்னைத் தள்ள, என் இடுப்பிலிருந்த செல்வி சரிந்து முகம் குப்புற விழுந்தாள். அவளைத் தூக்கியபோது அழுகையே வரவில்லை. வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது.

அம்மா புடவையைக் கிழித்தாள். கையில் வந்த பாதியால் செல்வியை முதுகோடு கட்டி, மறுமுனையை என் இடுப்பில் முடிந்து, மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினாள். என் கால் தரைக்கு எட்டவில்லை. செல்வி இருமி அழத் தொடங்கியது நடுப்பள்ளத்தில். அந்த அழுகை நின்றுவிடக் கூடாதே என்றுதான் கரை வரை பயந்தேன்.

மேடு இப்போது இல்லை. கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரவி, மேலே வீடுகள் எழும்பிவிட்டன. விக்ரோலியில் வேலைக்குப் போகும் நான் அந்தப் புல்லைப் பிறகு பம்பாயில் எங்கும் பார்க்கவில்லை. செல்விக்கு எதுவும் நினைவில்லை.

கிழிந்த பாதியை அம்மா மறுநாள் மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"குழந்தேளுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று மாமி முதலில் கேட்டாள். பிறகு புடவையின் விலையைச் சொன்னாள். இருபத்திரண்டு ரூபாய், அந்த வீட்டில் அம்மாவுக்கு அது மூன்று மாதக் கூலி.