பரணில் ஏறிய வீடு

முதல் நாள்

மும்பை மாட்டுங்காவில் மாமி வீட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று, விருந்தினர் அறைக் கதவை மூன்று தரம் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லிவிட்டுக் காத்து நின்றேன். சமையலறையிலிருந்து மாமி எட்டிப் பார்த்தார்.

"யாரைக் கூப்பிடறே செல்வம்?"

"ரூம் பண்ணணும் மாமி. தட்டிட்டுத்தான் உள்ள போணும்."

"அவா ரெண்டு பேரும் அப்பவே எழுந்து இங்கே காய் நறுக்கிண்டிருக்கா. நீ காலி ரூமோட பேசிண்டிருக்காதே."

நாக்பூரிலிருந்து வந்திருந்த கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்துத் தங்க வந்தவர்கள் கையில் கத்தியைக் கொடுத்து வேலை வாங்குவதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அதற்கு முன் நான் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் ரூம் பாய். தலை நரைத்த பிறகும் அங்கே பாய்தான். எனக்குக் கூச்ச சுபாவம். ஆள் முகம் பார்த்துப் பேச வராது. ஹோட்டல் வேலை அதற்குத் தோதாக இருந்தது. கெஸ்ட் வெளியே போன பிறகுதான் நமக்கு வேலை. எதிரில் வந்தால் சுவரோரம் ஒதுங்கி "குட் மார்னிங் சார்" சொன்னால் போதும். எங்கள் ஃப்ளோர் சூபர்வைசர் அடிக்கடி சொல்வார்: "போன ஆள் இந்த ரூமுக்கு வந்ததே இல்லைன்னு அடுத்த ஆள் நினைக்கணும்." பாத்ரூமில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கு அவர் வாயில் விழுந்தோம்.

அந்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். வேறு ஹோட்டல்களில் என் வயதைக் கேட்டதும் "போன் பண்றோம்" என்றார்கள். நான் குடியிருக்கும் ஆண்டாப் ஹில்லிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இந்த வேலை கிடைத்தது.

ஆபீசர் வருகிறார்

மாமி பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கணவர் காலமான பிறகு, தான் குடியிருக்கும் ஃப்ளாட்டில் இரண்டு அறைகளை பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்டாக நடத்துகிறார். இதற்கு அரசாங்கப் பதிவு வேண்டும். அதைப் புதுப்பிக்க ஒரு ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார். அந்தப் பதிவு போனால் மாமிக்கு வருமானம் போகும், எனக்கு வேலை போகும். இந்த வயதில் இன்னொரு வேலை கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆபீசர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு மாமி செம்பூரில் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்.

"அன்னிக்குக் கார்த்தாலயே வந்துடுவேன். வீடு பளிச்சுன்னு இருக்கணும் செல்வம்."

அந்த இரண்டு நாளும் கெஸ்ட் கிடையாது. நான் ஒரு வீட்டை அல்ல, ஒரு ஹோட்டலையே தயார் செய்தேன். ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் தொங்கிய குக்கர் கேஸ்கெட், கழுவிச் சமையலறை டைல்ஸில் ஒட்டிக் காயவைத்த பால் கவர்கள், பால்கனியில் பழைய வேட்டியில் கிடந்த வடாம், மாமியின் முழங்கால் தைலம், ஊறுகாய் ஜாடி எல்லாம் பரணுக்குப் போயின. ஹாலில் பிளாஸ்டிக் மாலை போட்டு மாமாவின் படம் இருந்தது. இறந்தவர் படம் மாட்டிய ஹோட்டல் லாபியை நான் பார்த்ததே இல்லை. அதையும் ஏற்றிவிட்டு, அந்த ஆணியில் ஒரு பூந்தோட்டப் படத்தை மாட்டினேன். சூபர்வைசர் பார்த்திருந்தால் சந்தோஷத்தில் அழுதிருப்பார்.

ஆபீசர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மராத்திக்கார அம்மா. ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"இதர் ரஹதா கௌன் ஹை?" என்று கேட்டார். இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று.

"மேடம் ரஹதா ஹை."

"கௌன் மேடம்?" என்று சுற்றிலும் பார்த்தார். வீட்டுச் சொந்தக்காரர் அதே வீட்டில் வசித்தால்தான் இது பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட், இல்லையென்றால் லைசென்ஸ் இல்லாத ஹோட்டல் என்று இந்தியில் விளக்கினார். அந்த வீட்டில் ஒரு மனுஷி வசிக்கிறாள் என்பதற்கு ஒரு அடையாளத்தைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

அப்போது பார்த்து மாமி கையில் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். நான் பழக்கதோஷத்தில் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு, ஒதுங்கி நின்று, "குட் மார்னிங் மேடம்" என்றேன்.

"யே கெஸ்ட் ஹை?" என்றார் ஆபீசர்.

மாமியின் பார்வை சுவரில் இருந்தது.

"செல்வம், மாமா எங்கே?"

"பரண்ல மாமி."

"பரண்லயா? நாற்பது வருஷம் என்னோட குடித்தனம் பண்ணின மனுஷன்டா! பழைய சாமானோட சேத்து ஏத்திட்டியா?"

"சேத்து வைக்கல மாமி. தனியா வெள்ள பெட்ஷீட்ல சுத்தித்தான் வச்சிருக்கேன்."

"சுத்தி வேற வெச்சியா! கட்டையில போறவனே! என் வடாம் எங்கே? என் தைலம் எங்கே? நான் இருக்கேனா போயிட்டேனாடா?"

ஹோட்டலில் யார் என்ன ஏசினாலும் "சாரி சார்" என்று நகர்ந்துவிடுவேன். அன்று என்ன ஆனதோ தெரியவில்லை, ஆபீசர் நிற்பதும் மறந்துபோனது.

"என்ன மாமி சும்மா ஏசிக்கிட்டே இருக்கிய? ரெண்டு நாளா முதுகு ஒடியத் தேச்சிருக்கேன், ஒரு நல்ல வார்த்த உண்டா? பளிச்சுன்னு இருக்கணும்னு சொன்னது நீங்கதான?"

"வீடு பளிச்சுன்னு இருக்கணும்னு சொன்னேன். என்னைத் துடைச்சுப் போடச் சொன்னேனா?"

ஏணியைச் சாத்தி ஏறினேன். மாமி கீழே நின்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாக வாங்கினார். மாமா இறங்கினார். தைலம், ஜாடி, பால் கவர்கள். வடாம் தட்டைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஆபீசரே கை நீட்டி வாங்கினார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பஸ், பஸ்," என்றார், போதும் போதும் என்று. பிறகு இந்தியில், "முதலாளியை இப்படி எதிர்த்துப் பேசுகிற ஆளை எந்த ஹோட்டலும் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாது. இது வீடுதான்."

பதிவு கிடைத்துவிட்டது.

இப்போது

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஹோட்டலில் ஆள் இருந்த தடயத்தை அழிப்பது வேலை. இங்கே அதைக் காப்பாற்றுவது வேலை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை.

போன தடவை ஆபீசர் வருவதாகத் தகவல் வந்ததும், முந்தின நாளே ஹாலில் பாதி படித்த பேப்பரைப் போட்டேன். பக்கத்தில் மாமியின் செருப்பு, மேஜையில் காபி குடித்த டம்ளர். மாமி வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"ஏன் செல்வம், பேப்பரும் செருப்பும் டம்ளரும் ஸ்கேல் வெச்ச மாதிரி ஒரே கோட்டுல நிக்கறதே?"

குனிந்து, பேப்பரைக் கொஞ்சம் கலைத்துவிட்டேன். மாமி உள்ளே போனதும் என் கை அதை மறுபடி நேராக்கிவிட்டது.